சென்னையைச் சுற்றி வழக்கத்துக்கு மாறான குளிர்காலப் பறவைகளைக் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு காலையில், என் உறவினர் வீட்டுப் பின்கட்டில் துவைக்கும் கல்லுக்கு அருகே ஆறுமணிக்குருவி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பச்சை முதுகு, தோளில் பளிச்சிடும் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டி அகன்ற கரும்பட்டை, வெட்டிவிட்டதைப் போன்ற குட்டை வால். யாரோ வளர்த்த பறவை கூண்டிலிருந்து தப்பி வந்துவிட்டது என்றே வீட்டிலிருந்தவர்கள் நினைத்தார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இரவோடு இரவாகப் பறந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஆண்டுதோறும் வரும் வலசைப் பறவை அது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தவறாமல் குரல் கொடுப்பதால் நம் முன்னோர் அதற்குப் பெயர் சூட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் இருந்தும் நகரத்தில் அதை அறிந்தவர் சிலரே.

பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையின் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் பறவைகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். அரிய பறவையைத் தேடி அலைபவருக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று, அங்குள்ள சாதாரணப் பறவைகளை வீட்டு மனிதர்களைப் போல அறிந்து வைத்திருப்பவரின் கண்ணுக்கே புதிதாக வந்த விருந்தாளி உடனே தெரிகிறது. கீழே சொல்லப்படும் படிகள் யாவும் இந்த அடிப்படையில் அமைந்தவை.

முதல் படி: எது வழக்கத்துக்கு மாறானது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

வழக்கத்துக்கு மாறான பறவை என்று நாம் சொல்வதில் மூன்று வகைகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தேடும் முறை வேறுபடுவதால் அவற்றை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகை, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வந்தும் மறைவாக வாழ்வதால் பெரும்பாலோர் பார்த்தறியாத பறவைகள். ஆறுமணிக்குருவி, செந்தலைப் பூங்குருவி, கொடிக்கால் வாலாட்டி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை, இன்னும் தெற்கே செல்லும் வழியில் சில நாட்கள் மட்டும் இங்கே தங்கிச் செல்பவை. இவற்றைப் பார்க்க நாள் தவறாமல் களத்தில் இருக்க வேண்டும். மூன்றாம் வகை, புயலாலோ வழி தவறியோ வந்து சேர்பவை. புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்றாம் வகையின் மீது ஆசை வைத்து முதல் வகையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு குளிர்காலங்களை முழுக்க முழுக்க முதல் வகைக்கே ஒதுக்குமாறு நான் எப்போதும் சொல்லி வருகிறேன்.

இரண்டாம் படி: நாட்காட்டியையும் மழையையும் சேர்த்துப் படித்தல்

பறவைகளின் குளிர்காலம் நமது மார்கழியில் தொடங்குவதில்லை. வடக்கே இனப்பெருக்கத்தை முடித்த உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆகஸ்டு மாதத்திலேயே நம் கரைகளில் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. செப்டம்பரில் பழுப்புக் கீச்சானின் கரகரத்த குரலும் வாலாட்டிகளின் அலையலையான பறத்தலும் பருவம் மாறியதை அறிவிக்கும். அக்டோபரிலும் நவம்பர் முதல் பாதியிலும் காட்டுப் பறவைகள் வந்து சேரும். நகரத் தோட்டங்களில் எதிர்பாராத பறவைகள் தோன்றுவதற்கு ஆண்டிலேயே மிகச் சிறந்த காலம் இந்த ஆறு வாரங்கள்தான். வாத்துகள் நவம்பர் இறுதியில் பெருகத் தொடங்கி ஜனவரியில் உச்சத்தை அடையும். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் எல்லாம் வடக்கே திரும்பும்.

இந்த நாட்காட்டியின் மேல் வடகிழக்குப் பருவமழையை வைத்துப் பார்த்தால்தான் சென்னையின் படம் முழுமையாகும். ஆண்டு மழையில் பெரும்பகுதியை இந்த நகரம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெற்றுவிடுகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் டிசம்பர் மாதப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கரை ததும்பி நிற்கும். நீந்தும் வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் அது ஏற்றது. ஆனால் சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்கு அங்கே நிற்க இடம் இருக்காது. அவை வெள்ளம் தேங்கிய வயல்களுக்கும், புறநகரில் இன்னும் கட்டடம் எழும்பாத மனைகளில் தேங்கிய குட்டைகளுக்கும், கோவளம், கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களுக்கும் பிரிந்து போய்விடுகின்றன. தை பிறந்து தண்ணீர் வடிந்து சேற்றுத் திட்டுகள் தலைகாட்டியதும் அதே பறவைகள் சதுப்புக்குத் திரும்பும். ஆகவே டிசம்பரில் ஏமாற்றம் தந்த இடத்தை அத்துடன் கைவிட்டுவிடக் கூடாது. தண்ணீர் மட்டம் ஒரு சாண் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதற்காகவே ஒருமுறை அங்கே போகலாம். மழை பொய்த்த ஆண்டில் இது தலைகீழாகும்: ஏரிகள் சீக்கிரமே சுருங்க, எஞ்சிய சில நீர்நிலைகளில் பறவைகள் நெருக்கமாகக் கூடும்.

மூன்றாம் படி: உள்ளூர்ப் பறவைகளை மனப்பாடம் செய்தல்

உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு முறையாவது அங்கே சென்று, ஆண்டு முழுவதும் வாழும் பறவைகளைக் கண்ணாலும் காதாலும் பழகிக்கொள்ளுங்கள். குண்டுக்கரிச்சான், தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, வால் காக்கை, கரிச்சான், செம்பருந்து, வைரி, நீலத்தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை எனத் தொடங்கினால் நாற்பது இனங்களுக்குள் உங்கள் இடத்தின் அன்றாடப் பட்டியல் முடிந்துவிடும்.

குரல்களைப் பழகுவது கண்ணால் பழகுவதைவிடப் பயன் தரும். வேலிப் புதருக்குள்ளிருந்து நாக்கை மேலண்ணத்தில் தட்டியது போல 'டக், டக்' என்று இடைவிட்டு ஒலிக்கும் குரலைத் தையல்சிட்டு எழுப்பாது என்பது உங்களுக்குத் தெரிந்தால், அங்கே வலசை வந்த பிளித் நாணல் கதிர்க்குருவி ஒளிந்திருப்பதைப் பறவையைப் பார்க்காமலேயே அறிந்துகொள்வீர்கள். மர உச்சியில் இலைகளுக்கிடையே இரண்டு அசையில் கூர்மையாக ஒலிப்பது பச்சைக் கதிர்க்குருவியாக இருக்கலாம். இரண்டுமே பார்வைக்கு நிறம் மங்கிய சிறு பறவைகள். குரல் தெரியாதவர் பல குளிர்காலங்களை இவற்றை அறியாமலேயே கழித்துவிடுவார்.

நான்காம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையில் நீர், மரம், கடல் ஆகிய மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கியிருப்பது பெரும் பேறு. நீர்ப் பறவைகளுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் முதன்மையானது. சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பில் அது 2022ஆம் ஆண்டு ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ஆரச்சாலை ஓரத்திலிருந்தே பல பறவைகளைப் பார்க்க முடிகிறது. வாகன நெரிசல் மிகுந்த சாலை என்பதால் நடைபாதையை விட்டு இறங்காமல் நின்று பார்க்க வேண்டும். இந்தச் சாலை ஏறத்தாழ கிழக்கு மேற்காகச் செல்வதில் ஒரு நன்மை இருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து நகர்வதால், சாலையிலிருந்து வடக்கு நோக்கி நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பறவையின் மீது விழும். தெற்கு நோக்கினால் எல்லாப் பறவைகளும் கரிய நிழலுருவங்களாகவே தெரியும். நிறம் தெரியாத வெளிச்சத்தில் இனம் காண முயன்று தவறியவர்கள் ஏராளம். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலைக்கும் இதே விதி பொருந்தும்.

மரம் சார்ந்த பறவைகளுக்குக் கிண்டியும் அடையாறும். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. ஆனாலும் நகரத்தின் நடுவே எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் துண்டு அது. காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்; பக்கத்திலுள்ள சிறுவர் பூங்காவுக்குப் பொதுமக்கள் செல்லலாம். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் பார்வையாளர் நேரமும் நாளும் வரையறுக்கப்பட்டவை என்பதால் விசாரித்துவிட்டுச் செல்ல வேண்டும். இந்த இடங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. அடர்ந்த நிழலும் கூட்டிப் பெருக்கப்படாத சருகும் உள்ள எந்தப் பழைய தோட்டமும், எந்தக் கல்லூரி வளாகமும் வலசைப் பறவைக்குக் காடுதான்.

கடலோரத்துக்கு அடையாற்று முகத்துவாரமும் முட்டுக்காட்டுக் காயலும் உள்ளன. ஒரு நாள் முழுவதையும் செலவிட முடியுமானால் பழவேற்காடு ஏரிக்குச் சென்று வரலாம். முகத்துவாரங்களில் நீர் வற்றும் நேரத்தில் சேறு வெளிப்படும்போதே உள்ளான்கள் இரை தேட இறங்கும். ஆற்றின் வாயை மணல் திட்டு அடைத்திருக்கும் நாட்களில் கடல் ஏற்ற இறக்கம் உள்ளே எட்டாது என்பதால், முதலில் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முட்டுக்காட்டில் குளிர்காலத்தில் நீரோரக் கிளைகளைப் பொறுமையாகத் துழாவுங்கள். வெண்மார்பு மீன்கொத்திகளுக்கிடையே கரிய தலையும் ஊதா கலந்த நீல முதுகும் செம்மஞ்சள் வயிறும் கொண்ட கருந்தலை மீன்கொத்தி சில ஆண்டுகளில் அங்கே அமர்ந்திருக்கும்.

ஐந்தாம் படி: கருவிகள்

8×42 அளவுள்ள, அதாவது எட்டு மடங்கு பெருக்கும் 42 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட, பைனாகுலர் ஒன்று போதும். பத்து மடங்கு பெருக்குவது கவர்ச்சியாகத் தோன்றினாலும், கை நடுக்கத்தையும் அது சேர்த்தே பெருக்கும். தொலைவிலுள்ள உள்ளான்களைப் பிரித்தறியத் தாங்கியில் பொருத்திய தொலைநோக்கி உதவும். அதை வைத்திருக்கும் ஒருவருடன் சேர்ந்து செல்வதே தொடக்கத்தில் போதுமானது. கேமராவைவிடக் குறிப்பேட்டையும் பென்சிலையும் நான் முதன்மையாகக் கருதுகிறேன். படம் எடுக்கும் முனைப்பில் பறவை என்ன செய்தது என்பதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். வாலை ஆட்டியதா, எந்தப் பக்கம் ஆட்டியது என்பது பல நேரங்களில் நிறத்தைவிடத் தெளிவான அடையாளம்.

ஆறாம் படி: கூட்டத்துக்குள் தேடுதல்

நீர்நிலையில் அரிய பறவை பெரும்பாலும் தனியே நிற்பதில்லை; தன்னையொத்த சாதாரணப் பறவைகளின் கூட்டத்துக்குள்தான் நிற்கிறது. எனவே கூட்டத்தைப் பார்த்து 'எல்லாம் ஊசிவால் வாத்து' என்று சொல்லிவிட்டு நகர்வது மிகப் பெரிய இழப்பு. இதற்கு நான் அறிந்த ஒரே மருந்து எண்ணுவது. கூட்டத்தின் இடது ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பறவையாக எண்ணிக்கொண்டே வலப்புறம் செல்லுங்கள். எண்ணும்போது ஒவ்வொன்றையும் ஒரு கணமாவது பார்த்தாக வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணத்தில், சேராத உருவம் தானாகவே கண்ணை உறுத்தும்.

வாத்துகளில் ஒரு சிக்கல் உண்டு. அக்டோபர், நவம்பரில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் பலவும் தம் அலங்கார இறகுகளை உதிர்த்து, பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். முழு அழகு திரும்புவது டிசம்பர், ஜனவரியில். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். நீண்ட மெல்லிய கழுத்தும் கூரிய வாலும் ஊசிவால் வாத்துக்கு உரியவை. அகப்பையைப் போல அகன்ற அலகு தட்டைவாயனைக் காட்டிக்கொடுக்கும். சிறிய உடலும் புருவத்துக்கு மேல் வெளிறிய கோடும் இருந்து, பறக்கும்போது ஆணின் முன்சிறகில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் அது நீலச்சிறகி. இந்த மூன்றும் உங்களுக்கு நன்கு பழகிய பிறகு, உருண்ட தலையும் சிறிய நீலச்சாம்பல் அலகும் கொண்ட வேறொரு வாத்தோ, அடிக்கடி முழுகி எழும் ஒரு வாத்தோ கூட்டத்தில் இருந்தால் அதை நீங்கள் தவறவிட மாட்டீர்கள். இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துக்கு வெண்தலையில் இரண்டு கரிய பட்டைகள் இருக்கும்; அதன் வழக்கமான இடம் தெற்கே கூந்தன்குளம் என்பதால், சென்னைப் பக்கம் தென்பட்டால் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உள்ளான்களே இந்தக் கலையின் கடினமான பாடம். உள்ளான் என்ற ஒரே சொல்லுக்குள் தமிழ் மக்கள் இவ்வளவு இனங்களை அடக்கியிருப்பதிலிருந்தே அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமானவை என்பது விளங்கும். அலகு தலையைவிட எத்தனை மடங்கு நீளம், அது நேரா வளைவா, கால் என்ன நிறம், இரையைக் கொத்துகிறதா சேற்றைத் துளைக்கிறதா, பறக்கும்போது சிறகிலும் பின்முதுகிலும் வெள்ளை எங்கே தெரிகிறது என்னும் ஐந்து கேள்விகளை ஒவ்வொரு பறவைக்கும் கேளுங்கள். முதுகில் வெளிர்ப் புள்ளிகளும் மஞ்சள் கால்களும் நீண்ட வெண்புருவமும் பொறி உள்ளானுக்கு. கருவால் மூக்கனின் அலகு மிக நீளமாக நேராக இருக்கும், பறக்கும்போது சிறகில் அகன்ற வெண்பட்டையும் கரிய வாலும் தெரியும். அதே அளவுள்ள பறவை, அலகு சற்றே மேல்நோக்கி வளைந்து, சிறகில் வெண்பட்டை இல்லாமல் இருந்தால், அது கடலோரத்தை விரும்பும் பட்டைவால் மூக்கன்.

கேளம்பாக்கம் உப்பளத்தில் ஒரு ஜனவரி மாதம் கொசு உள்ளான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டியபோது ஒன்றின் நடை மட்டும் மெதுவாக, குனிந்தவாறு, ஓரத்துப் புல்லை ஒட்டியே இருந்தது. மற்றவற்றின் கால்கள் கறுப்பு. இதன் கால்களும் கறுப்பாகவே தெரிந்தன. கால் மணி நேரம் கழித்து அது ஆழமற்ற நீரில் இறங்கி ஏறியதும் கால்களிலிருந்த சேறு கழுவப்பட்டு, பச்சை கலந்த மஞ்சள் வெளிப்பட்டது. டெம்மிங்க் கொசு உள்ளான்தான் அது என்று அதன் பிறகே எழுதினேன். சேறு படிந்த காலின் நிறத்தை நம்பக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கூட்டம் முழுவதும் திடீரென்று எழுந்து பறந்தால் அதன் பின்னால் கண்ணை ஓட்டாதீர்கள், வானத்தைப் பாருங்கள். தாழ்வாக, சிறகுகளை ஆங்கில 'வி' எழுத்தைப் போல உயர்த்தி மிதந்து வருவது சேற்றுப் பூனைப்பருந்து. கூரிய சிறகுகளுடன் மேலிருந்து பாய்வது பொரி வல்லூறு. நீர்மேல் வட்டமிட்டு நின்று கால்களை முன்னே நீட்டிப் பாய்வது விராலடிப்பான். ஆபத்தை நமக்கு முன்பே அறிந்து சொல்லும் காவலர்களாக வாத்துகளையும் உள்ளான்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஏழாம் படி: சருகுக்கும் புதருக்கும் இடையே காத்திருத்தல்

தோட்டத்தில் முறை முற்றிலும் மாறுகிறது. நீர்நிலையில் நடந்து தேடலாம். இங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 6.35 மணிக்கு உதிக்கிறது. அதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே சருகு மண்டிய நிழலான ஓரிடத்தில் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். பளிச்சென்ற நிறமுள்ள உடை வேண்டாம். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு சருகுகள் புரளும் ஓசை கேட்கத் தொடங்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கிளறினால் ஓசை தொடர்ச்சியாக இருக்கும். ஒற்றைப் பறவை இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு நின்று கேட்கும். அந்த நிறுத்தம்தான் ஆறுமணிக்குருவிக்கும் பூங்குருவிக்கும் உரிய அடையாளம். ஆறுமணிக்குருவி இரண்டு அசைச் சீழ்க்கையாகத் தெளிவாகக் குரல் கொடுக்கும். விடியலிலும் அந்தியிலும் சில நிமிடங்களே அது ஒலிக்கும் என்பதால் அந்த நேரத்தைத் தவறவிட்டவர் பறவையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

செந்தலைப் பூங்குருவியைக் கண்டால் அதன் முகத்தைக் கவனியுங்கள். தீபகற்ப இந்தியாவின் காடுகளில் வாழும் வகைக்கு வெளிறிய கன்னத்தில் இரண்டு கரிய செங்குத்துக் கோடுகள் இருக்கும். இமயமலையிலிருந்து குளிர்காலத்துக்கு இறங்கி வரும் வகைக்கு முகம் முழுவதும் கோடுகளின்றிச் செம்மஞ்சளாக இருக்கும். ஒரே பெயர் கொண்ட பறவை எங்கிருந்து வந்தது என்பதைக் கன்னத்தைப் பார்த்தே அறிய முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கொடிக்கால் வாலாட்டியை அதன் ஆட்டமே காட்டிக்கொடுக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் அசைக்க, இது மட்டும் பின்னுடலையே பக்கவாட்டில் அசைத்தபடி மரநிழலில் நடக்கும். மார்பில் இரண்டு கரிய பட்டைகள். கிழக்கு ஆசியாவில் கூடு கட்டும் இப்பறவை நம் ஊர் மாமரத்தடியில் சாணத்துப் பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மேலே கிளைகளையும் மறந்துவிட வேண்டாம். பழுப்பு ஈப்பிடிப்பான் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து அமரும். மாங்குயிலைப் பார்த்தால், கண் வழியே செல்லும் கருங்கோடு கண்ணுக்குச் சற்றுப் பின்னால் முடிகிறதா, பிடரியைச் சுற்றி அகன்று இணைகிறதா என்று பாருங்கள். இணைந்தால் அது கருப்புப்பிடரி மாங்குயில், குறித்து வைக்கத்தக்க காட்சி. வால் காக்கையும் அணிலும் கரிச்சானும் ஓரிடத்தைச் சுற்றிக் கூச்சலிட்டால், பாம்போ ஆந்தையோ வந்து தங்கிய வேறொரு வேட்டைப் பறவையோ அங்கே இருக்கும்.

பதிவு செய்த குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு இப்பறவைகளை வரவழைக்கும் பழக்கம் பரவி வருகிறது. இதை நான் மனமார எதிர்க்கிறேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, குளிர்காலம் முழுவதும் ஒரு சிறு எல்லையைக் காத்துப் பிழைக்கும் பறவையை, இல்லாத எதிரியை விரட்ட ஓட வைப்பது அதன் உடல் வலுவைத் திருடுவதாகும்.

எட்டாம் படி: புயலுக்குப் பின்

வங்கக் கடலில் புயல் கரை கடந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடற்பறவைகளுக்கான நாட்கள். ஆழ்கடலில் வாழும் ஆலாக்களும் பிற கடற்பறவைகளும் காற்றில் அடித்து வரப்பட்டு, கரையோரக் காயல்களிலும் சில வேளை உள்நாட்டு ஏரிகளிலும்கூட ஒதுங்குவதுண்டு. ஏரியின் மீது பறக்கும் மீசை ஆலாக்களிடையே முதுகு முழுவதும் கரிய ஆலா ஒன்று தெரிந்தால் உடனே குறிப்பெடுக்க வேண்டும். காற்று அடங்கி, எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகே செல்லுங்கள். அறுந்த மின்கம்பியும் சாய்ந்த மரமும் உள்ள தெருவில் பறவை பார்க்கப் போவது தகாது.

ஒன்பதாம் படி: உறுதி செய்தல்

பறவையைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. பறவை கண்முன் இருக்கும்வரை பறவையையே பாருங்கள். அளவு, வடிவம், அலகு, கால், கோடுகள், செய்கை, குரல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, கோணலாக இருந்தாலும் ஒரு படம் வரையுங்கள். புத்தகத்தை முதலில் பார்த்துவிட்டால் அதிலுள்ள அடையாளங்களை நம் கண் பறவையின் மீது ஏற்றிவிடும்.

அதன் பிறகு, இது சாதாரணப் பறவையாக இருக்க முடியாததற்கு என்ன காரணம் என்று உங்களையே கேளுங்கள். இறகு உதிர்க்கும் பறவை, இளம் பறவை, சேறு படிந்த பறவை, வெளிச்சத்தால் நிறம் மாறித் தெரியும் பறவை ஆகிய நான்கும் விலக்கப்பட்ட பிறகே அரிது என்ற முடிவுக்கு வர வேண்டும். மெர்லின் போன்ற கைப்பேசிச் செயலிகள் குரலையும் படத்தையும் கொண்டு ஒரு பெயரைச் சொல்லும். அதைத் தேடலுக்கான தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போக்குவரத்து இரைச்சல் நிறைந்த நகரத்தில் அவை தவறுவது எளிது. எத்தனை முயன்றும் பெயர் பிடிபடாவிட்டால், உள்ளான் வகை என்றோ கதிர்க்குருவி வகை என்றோ எழுதி நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. என் பழைய குறிப்பேடுகளில் அப்படிப் பெயரில்லாமல் நிற்கும் பதிவுகளை நான் இன்றும் மதிக்கிறேன்.

பத்தாம் படி: பதிவு செய்தல்

பறவை பார்ப்பவர்கள் தம் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்டு இணையத்தளத்தில் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களுக்குத் தனித்தனியே, எந்தப் பறவை எந்த வாரத்தில் எவ்வளவு தென்படுகிறது என்பதைக் காட்டும் பட்டை வரைபடங்கள் உள்ளன. களத்துக்குச் செல்லும் முன் அவற்றைப் பார்த்தால், இந்த வாரத்தில் எது இயல்பு, எது புதிது என்பது விளங்கும். பார்த்த அரிய பறவையை மட்டும் பதியாமல், காகம் மைனா உட்பட அன்று கண்ட எல்லாவற்றையும் எண்ணிக்கையோடும் செலவிட்ட நேரத்தோடும் பதியுங்கள். வழக்கம் எது என்பதை அடுத்தவருக்குக் காட்டுபவை அந்தப் பட்டியல்களே. அரிய பறவையின் பதிவைத் தன்னார்வ மதிப்பீட்டாளர்கள் கேள்வி கேட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ளாமல் குறிப்பேட்டிலிருந்து விடையளிக்க வேண்டும். வலசையை அறிய ஆய்வாளர்கள் கால்களில் மாட்டிய வண்ணப் பட்டையோ எழுத்திட்ட கொடியோ அணிந்த உள்ளானைக் கண்டால், நிறம், எழுத்து, எந்தக் கால், முழங்கால் மூட்டுக்கு மேலா கீழா என்பதை எழுதி வையுங்கள். அது எங்கே பட்டையிடப்பட்டது என்பதைக் கண்டறிய இவை யாவும் தேவை.

ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பும் புதியவர்களுக்கு நல்ல பள்ளி. முதலாவது 1987ஆம் ஆண்டு தொடங்கியது. அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் நின்று இரண்டு மணி நேரம் எண்ணுவது, தனியே ஓராண்டு அலைவதற்கு ஈடாகும். கூடு கட்டும் இடத்தையும் ஆந்தை பகலில் அடையும் மரத்தையும் மட்டும் பொதுவில் அறிவிக்க வேண்டாம். படமெடுக்க வரும் கூட்டமே அவற்றுக்குக் கேடாகும்.

களைத்து விழுந்த பறவை கிடைத்தால்

இரவில் பறக்கும் வலசைப் பறவைகள் விளக்கொளியில் தடுமாறிக் கண்ணாடியில் மோதுவதும், களைத்துப்போய் மாடிப்படியிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் ஒதுங்குவதும் அக்டோபர், நவம்பரில் அடிக்கடி நிகழ்கின்றன. ஆறுமணிக்குருவியும், காணாங்கோழி இனத்தைச் சேர்ந்த சாம்பல்கால் காணாங்கோழியும் இப்படிக் கிடைப்பவற்றுள் முக்கியமானவை. முதலில் பூனையையும் நாயையும் காகங்களையும் அகற்றுங்கள். மெல்லிய துணியால் பறவையை மூடி எடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் விட்டு, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறும் பாலும் வேண்டாம். காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இறகோ காலோ முறிந்திருந்தால் உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். காயம் இல்லையென்றால் இரண்டு மூன்று மணி நேர ஓய்வுக்குப் பிறகு, வெயில் தணிந்ததும், நிழலும் சருகும் உள்ள தோட்டத்தில் பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு விலகி நிற்கலாம்.

உறவினர் வீட்டுக்கு வந்த ஆறுமணிக்குருவியை நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். மாலை ஐந்தரை மணிக்குப் பக்கத்துத் தெருவிலுள்ள பழைய தோட்டத்தில் பெட்டியைத் திறந்தபோது, அது சில நொடிகள் அசையாமல் நின்று, இரண்டு தத்தலில் மாமரத்தடிச் சருகுக்குள் சென்று மறைந்தது. அரை மணி நேரம் கழித்து அந்த மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து இரண்டு அசைச் சீழ்க்கை கேட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.